மத்தியானத்துக்கு மேல்

தகர அடுப்பின்மேல் குடைமிளகாய்கள் தோல் கருகி வெடித்துக்கொண்டிருந்தன. டோன்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். அடுக்குமாடிக் கட்டடங்களின் பின்புறமெல்லாம் இதே புகைதான். செப்டம்பரில் குளிர்கால ஜாடிகளை நிரப்பாத வீட்டை அந்தப் பல்கேரியச் சிற்றூரில் யாரும் வீடாக மதிப்பதில்லை. வழக்கமாக நாற்பது ஜாடியோடு நிறுத்திக்கொள்கிறவள், இந்த வருடம் எண்பதைத் தாண்டியிருந்தாள்.

"என்னக்கா, பட்டாளத்துக்கா சமைக்கிற?" என்றாள் எதிரே தோலுரித்துக்கொண்டிருந்த வெலிச்கா. தையல் ஆலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

"சிரி, நல்லா சிரி. ஆலையை மூடுனா தட்டைத் தூக்கிட்டு எங்கிட்டதான் வருவ."

வெலிச்காவின் சிரிப்பு அடங்கிப்போனது. கோட்டு ஆர்டர் நின்றுவிட்டதாக ஒரு மாதமாகவே பேச்சு. "நெசமாவே மூடிருவாங்களாக்கா? எங்க வீட்டுக்காரரும் முதுகு போய்ப் படுத்துக் கெடக்காரு."

"மூடட்டுமே. வெறகு வாங்கிப் போட்டாச்சு. வேலை போனா அரசாங்க உதவித்தொகை வரும், சம்பளத்துல பாதிக்கு மேல. வசந்தம் வரைக்கும் அதை வச்சு ஓட்டிரலாம். அப்புறம் எங்கயாச்சும் ஒரு வேலை கெடைக்காமலா போகும்?"

பல வாரம் தூக்கம் கெட்டுப் போட்ட திட்டம் அது. வாய்விட்டுச் சொன்னதும் டோன்காவுக்கே தெம்பாக இருந்தது.

நவம்பரில் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. மறுவாரம் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் இருவரும் நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கணினியைப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னாள். டோன்கா நம்பியிருந்ததில் அது பாதிகூட இல்லை.

"தப்பாப் பாக்குறீங்கம்மா. பதினோரு வருஷம், தெனம் எட்டு மணி நேரம் தச்சிருக்கேன்."

"ஒப்பந்தத்துல நாலு மணி நேரம்னுதான் இருக்கு. இது உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். காகிதத்தில் நான்கு மணி நேரம், மீதிக்கு உறையில் ரொக்கம், பிடித்தம் கிடையாது என்று முதலாளி சொன்னபோது முதலில் பேனாவை எடுத்தவள் அவள். ஆபத்துக்கு உதவும் என்று அந்த உறையில் பாதியைத் தொடாமல் வைத்துத்தான் பார்த்தாள். மகளின் ஆபரேஷனில் எல்லாம் கரைந்துபோனது. அன்றைக்குத் தயங்கி நின்ற வெலிச்காவை, "கைக்கு வர்ற காசை வேணாம்பியாடி, பைத்தியக்காரி?" என்று அதட்டிக் கையெழுத்துப் போட வைத்தவளும் அவளே. இப்போது திரும்பி வெலிச்காவின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

"அப்ப மத்தியானத்துக்கு மேல அந்த மெஷின்ல உக்காந்து தச்சது யாருங்க?"

"காகிதப்படி நீங்க வீட்ல இருந்தீங்க. பென்ஷனுக்கும் அஞ்சரை வருஷம்தான் ஏறும்."

டோன்கா இடது ஆள்காட்டி விரலைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளியில் நீட்டினாள். நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருந்தது.

"ஊசி எறங்குனப்ப மணி மூணு. துணியில ரத்தம் பட்டுருச்சுன்னு உறையில பிடிச்சுக்கிட்டாங்க."

அந்தப் பெண் விரலைப் பார்த்தாள். பிறகு, அதில் பட்டுவிடாதபடி தாளை மெல்ல நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.