நீட்டிய கைகள்

மைரன் பொடோல்ஸ்கியின் கம்பளித் தொப்பியைக் கழற்றியபோதுதான் அதைப் பார்த்தேன். வலது காதுக்கு மேலே, நரைமுடிக்குள், பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போன இடம். சற்று முன்புதான் அவருடைய ஈசிஜி என் கைக்கு வந்திருந்தது. சந்தேகமே இல்லாத மாரடைப்பு. வெளியே பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், ரெஜைனா நகரத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்பாது. எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் செய்து பார்க்க வழியில்லை. இருந்தது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும்தான். நர்ஸ் டோரீன் அதைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். இதயத்தை அடைத்திருக்கும் கட்டி எது, தலைக்குள் ஒரு காயத்தை மூடியிருக்கும் கட்டி எது என்று அந்த மருந்துக்குத் தெரியாது.

"சமீபத்துல தலையில அடிபட்டுச்சா?"

"இல்ல டாக்டரம்மா." சொன்னவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனைவி லெஸ்யாவைப் பார்த்தார்.

லெஸ்யாவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னேன். கதவு மூடியது.

"போன வாரம் கொட்டகை ஏணியிலருந்து விழுந்தேன். கொஞ்ச நேரம் நினைவில்ல. கண்ணத் தொறந்தா, பசு மூஞ்சிய நக்கிட்டிருக்கு." சிரிக்கப் பார்த்தார், வலி விடவில்லை. "அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மாட்டையெல்லாம் வித்துடுவா."

நகரத்து இதய மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேர்ல பாக்கறது நீங்கதான். முடிவு உங்களோடது" என்றார்.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் மருத்துவத்தைப் பற்றி எழுதிவருகிறேன். எழுதும்போது ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். முடிவு தெரிந்த பிறகுதான் முதல் வரியையே தொடங்குவேன்; அதனால் எனக்கு எல்லாம் முன்பே புரிந்திருந்தது போல ஒரு தோரணை வந்துவிடும். இப்போது அவருடைய ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

"மைரன், ஊசி போட்டா தலைக்குள்ள ரத்தம் கசியலாம். போடாட்டி இதயம் நின்னு போகலாம். லெஸ்யாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. இல்லாட்டி, ஏதாவது ஆச்சுன்னா, ஏன்னு தெரியாமயே அவங்க காலத்தைத் தள்ளணும்."

"பத்திரிகைல எழுதற மாதிரியே பேசறீங்க" என்றார். மூச்சு வாங்கியது. "சரி, கூப்பிடுங்க."

லெஸ்யா கட்டில் கம்பியைப் பிடித்தபடி அவர் சொன்னதைக் கேட்டாள். விழுந்ததை, நினைவு தப்பியதை, பசு நக்கி எழுப்பியதை, மறைத்ததை. ஊசியின் ஆபத்தை நான் சொன்னேன். அவள் விரல்கள் வெளுத்தன.

"எந்தப் பசு?"

"அந்த ஒத்தக்கொம்பு."

"அட கிழவா, சொல்லியிருந்தா அதுக்கு ரெண்டு பிடி தீவனம் கூடப் போட்டிருப்பேனே." என் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பாவா இருந்தா இந்த ஊசியப் போடுவீங்களா?"

"போடுவேன்" என்றேன். "பயந்துக்கிட்டேதான்."

அவள் மைரனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

மருந்தை நானே ஏற்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல அவர் நெஞ்சிலிருந்த கை தளர்ந்தது. முகத்தில் ரத்தம் ஓடியது. மானிட்டரில் மாரடைப்பைக் காட்டித் தூக்கி நின்ற கோடு இயல்புநிலைக்கு இறங்கத் தொடங்கியது. டோரீன் பெருமூச்சு விட்டாள். லெஸ்யா குனிந்து அவர் நெற்றியில் வாய் வைத்து அழுத்தினாள்.

"நெஞ்சு லேசாயிடுச்சு" என்றார் மைரன். கொஞ்சம் பொறுத்து, "தலைதான் ஒரு மாதிரியா வலிக்குது."

ஜன்னலில் பனி அறைந்துகொண்டிருந்தது.

"மைரன், ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். கண்ண மூடிக்கங்க. அப்படியே வைங்க."

நீட்டினார். தலைக்குள் ரத்தம் கசிந்தால் ஒரு கை தானாகக் கீழே இறங்கும். காய்ப்பேறிய இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன. இடது கை லேசாக நடுங்கியது. களைப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. லெஸ்யா தன் இரு கைகளையும் குவித்து அதன் கீழே கொண்டுபோனாள். தொடவில்லை. ஒரு விரல் இடைவெளியில், அது இறங்கினால் ஏந்திக்கொள்ள, அப்படியே வைத்திருந்தாள்.