விரல் பட்ட இடம்

உயிரே போனாலும் ஜப்பானிய மேஜர் குரோய்வா ஒரு வழக்கத்தை விடமாட்டார். உருவிய வாளுக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார். எச்சில் தெறித்தால் துரு, விரல் பட்டால் துரு. பல தலைமுறையாக அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்த வாள் அது. அடுத்துப் பிடிக்க வேண்டிய மகன் ஷிங்கோவும் அவன் அம்மாவும் ஜூலையில் ஃபுகுயி நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவர் அழவில்லை. மலாயாவில் தோற்றுக்கொண்டிருக்கும் படைக்கு மேஜரே அழுது காட்டினால் நன்றாகவா இருக்கும்?

யுத்தம் முடிந்தது. அதிகாரிகள் எல்லாரும் மைதானத்துக்கு வந்து வாளை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கேப்டன் நெசு தன் குடும்ப வாளை ரப்பர் தோட்டத்தில் புதைத்துவிட்டு, தொழிற்சாலையில் செய்த மலிவு வாள் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"நீங்களும் மாத்திடுங்க மேஜர். வெள்ளைக்காரனுக்கு இதுவும் ஒண்ணுதான், காய் நறுக்கற கத்தியும் ஒண்ணுதான்."

"இந்த ஊர் மழைக்கு மண்ணுக்குள்ள எத்தனை நாள் தாங்கும்?"

"அழிஞ்சாலும் நம்மளோடதா அழியும்ல?"

"எவன் கையிலயாவது பொழைச்சுக் கிடக்கட்டும்பா. எனக்கு அது போதும்."

அசல் வாளையே கொண்டுபோனார். மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. மூன்றரை வருஷம் இவர்கள் கையில் பட்டதை மறக்காத ஊர். கூச்சல்கூடப் போடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தது. குரோய்வா முறைப்படி வெட்டும் பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பி, இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து நீட்டினார். வாங்கிய பிரிட்டிஷ் அதிகாரிக்குச் சின்ன வயசு. சட்டென்று உருவினான். பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். கட்டைவிரலால் வாளின் பளபளப்பை நீளத்துக்கும் தடவினான்.

பின்வாங்க வேண்டிய குரோய்வா ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார். துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

"என்னய்யா, திருப்பிக் கேக்கறியா?" என்றார் மொழிபெயர்ப்பாளர் லிம். அந்த ஊர்ச் சீனர். ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்த்து மொழி கற்றவர்.

குரோய்வா வாளைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார். "இல்லைங்க. விரல் பட்ட எடத்தைத் துடைக்கணும். துடைச்சதும் கொடுத்துடறேன். ஒரு நிமிஷம் போதும்."

"என் தம்பிய உங்க ஆளுங்க இழுத்துட்டுப் போனப்ப நாங்களும் ஒரு நிமிஷம்தான் கேட்டோம்."

குரோய்வாவின் கை நீட்டியபடியே இருந்தது. லிம் அதைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் என்னவோ சொன்னார். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு வாளைக் கொடுத்தான்.

குரோய்வா சட்டைப் பையிலிருந்து மெல்லிய காகிதத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பாதியில் ஷிங்கோவின் ஞாபகம் வந்தது. ஒன்பது வயசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இதே வாளைத் துடைத்தவன். கண் நிறைந்துவிட்டது. சொட்டினால் வாள் மேல்தான் சொட்டும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே மிச்சத்தையும் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். வரிசைக்குத் திரும்பியதும் உடம்பு குலுங்க அழுதார்.

"மேஜர், எல்லாரும் பாக்கறாங்க," என்று நெசு கிசுகிசுத்தான்.

"பாக்கட்டும்பா. என்னால தலைகுனிய வீட்டுல யாரு இருக்கா?"