தும்பிக்கை திரும்பிய பலகை

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. யாங்கோனில், பசுந்தாங் பேட்டையில் இரண்டாம் மாடியில் அலங்காரப் பலகை செய்யும் சாந்தகுமாரி என்னிடம் கதை கேட்கவில்லை. தன்லியின் என்ற ஊரிலிருக்கும் வாடிக்கையாளர் பழனியப்பனுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். "நீங்கதான் பதமா எழுதுவீங்க அண்ணே. யார் மனசும் நோகாம இருக்கணும்."

மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவருக்கு நொந்தது. சரி, கதையாக எழுதிப் பார்ப்போம், அதில் பொய் சொல்வது சுலபம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

யாங்கோனின் ஈரக் காற்றில் வண்ணங்களின் வாசம் மிதந்து வர

(வேண்டாம். அன்று காற்றே இல்லை. பலகையில் படம் ஏற்றும் சப்ளிமேஷன் மைக்கு வாசமும் இல்லை; சூடு ஏறினால் கொஞ்சம் நாற்றம்தான்.)

இரண்டாம் தொடக்கம்:

மிஸ்பாவுக்குப் பிள்ளையாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே

(இந்த 'ஆகவே'யில் பேனா நின்றுவிட்டது. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் தெரியும்.)

3

தொடக்கத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன்.

சாந்தகுமாரி பிளாஸ்டிக் தாளில் உருவத்தை வெட்டி ஸ்டென்சில் செய்வாள். அதை வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பஞ்சால் மையை ஒற்றுவாள். ஓரத்துக்குத் தாமரை முத்திரைகள்.* காகிதத்தில் நிறமெல்லாம் பலமுறை துவைத்த லோஞ்சிக் கைலி மாதிரி வெளிறிக் கிடக்கும். மை உலர்ந்ததும் காகிதத்தைப் பூச்சுப் பலகையின் மேல் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவது மிஸ்பா. சூட்டில் மை ஆவியாகிப் பலகைக்குள் இறங்கும். திறந்தால் சிவப்பு, சிவப்பாகவே எழுந்து நிற்கும்.

கத்தி சாந்தகுமாரியுடையது, பிரஸ் மிஸ்பாவுடையது. ஏழு வருடக் கூட்டு.

கவிழ்ப்பதால் படம் இடம் வலமாக மாறும். அதனால் உருவத்தை முன்கூட்டியே ஒரு முறை திருப்பியாக வேண்டும். ஒரே ஒரு முறை. இரண்டு முறை திருப்பினால் திருப்பாததற்குச் சமம்.

* பழைய ரப்பர் செருப்பின் அடியில் செதுக்கியவை. தாமரை எந்தப் பக்கம் திரும்பினாலும் தாமரைதான். இந்தக் கதையில் அதற்கு ஒரு பங்கும் இல்லை. பிடித்திருந்ததால் எழுதினேன்.

4

பழனியப்பன் கேட்டது இடம்புரிப் பிள்ளையார். புதுவீட்டு வாசலுக்கு.

வழக்கமாகச் சாந்தகுமாரி உருவத்தை நேராக வெட்டி, காகிதத்தில் வைக்கும்போது திருப்பிப் போடுவாள். இந்த முறை வெட்டும்போதே திருப்பி வெட்டிவிட்டாள். பிறகு கை பழக்கத்தில் மறுபடியும் திருப்பிப் போட்டது.

"அக்கா, இது வெட்டும்போதே திருப்பினதாச்சே?" என்றாள் மிஸ்பா.

"பேசாம பிடிடி. மீ வந்து ரெண்டு மணி நேரமாச்சு. இப்பப் போயிடும், பாரு."

மீ என்றால் இங்கே மின்சாரம். வரும்போது தெருவே "மீ லாபி!" என்று கத்தும். போகும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை.

காகிதத்தில் பிள்ளையார் சரியாகத்தான் இருந்தார், தும்பிக்கை அவருடைய இடப்பக்கம் வளைந்து. பார்த்துத் திருப்தியானாள் சாந்தகுமாரி. காகிதத்தில் சரியாக இருந்தால் பலகையில் தவறு என்பது ஏழு வருடமாக அவளே ஊருக்கெல்லாம் சொல்லும் பாடம்.

 பலகையில் தும்பிக்கை வலப்பக்கம் போய் வலம்புரியாகிவிட்டார். வலம்புரியை வீட்டில் வைத்தால் பூசை ஒரு நாளும் தவறக்கூடாது, ஆசாரம் அதிகம் என்பார்கள். மிஸ்பாவுக்கு அது தெரியாது. எனக்கும் பழனியப்பன் சொல்லித்தான் தெரியும்.

5

அவர் பலகையை வாங்கிப் பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார்.

"என்ன சயாமா, வலம்புரியால்ல இருக்கு? என் சம்சாரம் படியேற விடுவாளா? விடிய எந்திரிச்சுக் குளிச்சு யாரு பூசை பண்றது, நானா?"

சயாமா என்பது இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

அப்போது மிஸ்பா லபெயே வாங்கக் கீழே போயிருந்தாள்

(இல்லை. இரண்டு பிரதிகளில் அவளைத் தேநீர் வாங்க அனுப்பினேன், ஒன்றில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர. அவள் எங்கும் போகவில்லை. பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.)

பழனியப்பன் அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"ஓ, இந்தப் புள்ள போட்டதா? அதான் பாத்தேன். பாவம், அதுக்கு எப்படித் தெரியும் நம்ம சாமி?"

சாந்தகுமாரி ஒன்றும் சொல்லவில்லை.

"போகட்டும், வீட்டுக்கு வேற படம் மாட்டிக்கிறேன். கோயில் மண்டபத்துக்குப் பன்னெண்டு பலகை உங்களுக்குன்னுதான் கமிட்டியில சொல்லி வச்சிருக்கேன். நம்ம ஆளுகள வச்சே செய்வோம்னு ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை கூட்டம்."

அவர் படியிறங்கிய பிறகு மிஸ்பா பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்தாள். மீ இருந்தது.

"கெய்ஸா மஷிபூ அக்கா" என்றாள். பரவாயில்லையாம். ஏழு வருடத்தில் அவள் சாந்தகுமாரியிடம் தமிழில் சொல்லாமல் பர்மிய மொழியில் சொன்ன முதல் வாக்கியம் அது.

6

நான் எழுதிய மூன்று கடிதங்கள், வரிசைப்படி:

(அ) "...அச்சிட்டவரின் அறியாமையால் நேர்ந்த தவறு. கோயில் பணியில் அன்னாரை ஈடுபடுத்த மாட்டோம் என உறுதி கூறுகிறேன்."

(ஆ) "...மின்வெட்டு அவசரத்தில் நேர்ந்துவிட்ட பிழை." இதில் பிழை தானாக நேர்கிறது. பழனியப்பன் கேட்ட உறுதியும் இல்லை. மிஸ்பா பெயரும் இல்லை, சாந்தகுமாரி பெயரும் இல்லை. என் பள்ளி வாத்தியார் இதற்குத்தான் மதிப்பெண் போட்டிருப்பார்.

(இ) "வெட்டியதும் நான், திருப்பி வைத்ததும் நான். மிஸ்பா கேட்டாள், நான் அதட்டினேன். மண்டபத்துப் பலகைகளை நாங்கள் இருவரும்தான் செய்வோம். சம்மதமில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்."

மூன்றாவதைச் சாந்தகுமாரி சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்ததும், "இதையும் வச்சிருங்க அண்ணே, பாப்போம்" என்றாள். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அவளைக் கதையில் கொஞ்சம் நல்லவளாக்கப் பார்த்தேன். அழ வைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன், அவள் அழவில்லை.

7

சனிக்கிழமை காலை மூன்றையும் ஒரே உறையில் போட்டு மாடியேறினேன். சாந்தகுமாரி ஒற்றிக்கொண்டிருந்தாள், இரண்டு கையிலும் நீல மை. மிஸ்பா விசிறியால் காகிதத்தை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கை அழுக்கு அண்ணே. நீங்களே ஒண்ணை எடுத்துப் படிச்சிருங்க. அதையே அனுப்பிடலாம்."

"எதை?"

அவள் நிமிரவில்லை. மிஸ்பாவின் விசிறி நின்றது.

எழுதுகிறவன் நான், தேர்ந்தெடுக்கிறவன் இல்லை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்

(நிறுத்திவிட்டேன். தேநீர் வாங்க நான் பொய்யாக அனுப்பிய மிஸ்பா நினைவுக்கு வந்தாள்.)

உறை இதோ. மூன்று தாளும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. இனி, வாசிக்கிற உங்கள் முறை. ஒன்றை எடுத்து உரக்கப் படியுங்கள். மிஸ்பாவை மட்டும் வெளியே அனுப்பாதீர்கள்.