பாதியில் நின்ற கணக்கு

கடைக்காரர் இரண்டு கம்ப்யூட்டர்களை மேசைமேல் வைத்தார். ஒன்று விளையாடுபவர்களுக்கானது, வயிற்றுக்குள் கலர் விளக்குகள் ஓடின. மற்றது தொழில் வேலைக்கென்றே செய்தது; கறுப்பாக, உம்மென்று இருந்தது. விலை மட்டும் இரண்டு மடங்கு.

மாமியாரோடு வாங்க வந்திருந்த மருமகள் பாலங்களின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர். "பழசு ரொம்ப மெதுவு, ஒரு கணக்கு ரெண்டு நாள் ஓடணும். மூணு தடவை பாதியிலயே நின்னுபோச்சு. ஆபீஸ்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்," என்றாள்.

"தானா நிக்குதுன்னா யோசிக்கவே வேண்டாம்மா, கறுப்புதான். இதோட மெமரி தப்பு வந்தா தானே திருத்திக்கும்," என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்ற மாமியாருக்கு அது தானாக நிற்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. மருமகள் வெளிவேலைக்குப் போகும் பிற்பகல்களில் மாமியார் அதில் கார்ப் பந்தயம் ஓட்டுவாள். தன் கணவர் காலமான பிறகு வெறிச்சென்ற வீட்டில் பொழுதைத் தள்ள அதுதான் துணை. சில நாள் ஆட்டத்தைத் திறந்ததும் திரையில் ஒரு பெட்டி குறுக்கே வந்து ஏதோ கேட்கும். படித்துப் பார்க்காமலே 'சரி'யை அமுக்கிவிடுவாள்; அதுதான் ஓடுகிற கணக்கை நிறுத்தியிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஆண்டவனுக்குமா?

"அது கெடலம்மா. நான்தான் கெடுத்தேன்," என்று நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முகம் வியர்த்துவிட்டது. "நல்லா திட்டு. கடைன்னு பாக்காத."

மருமகளின் கண் கலங்கியது. "ரெண்டு ஞாயித்துக்கிழமை திரும்ப உக்காந்து செஞ்சேன் அத்தை."

மாமியார் தலை நிமிரவில்லை. மருமகளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எத்தனாவது பந்தயத்துல இருக்கீங்க?"

"இருபத்திரண்டு. மலைப்பாதையில விழுந்துக்கிட்டே இருக்கேன்."

"பாலம் கட்டறவ வீட்டுல பள்ளத்துல விழற மாமியார்!"

சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்ட கடைக்காரர், கறுப்புப் பெட்டியைத் தாமே ஓரமாக நகர்த்தினார். "அப்படின்னா உங்க வேலைக்கு விளக்குப் போட்டதே தாராளம்மா. வீணா ஏன் செலவு?"

"அதையே குடுங்க. அத்தை, கணக்கு ஓடறப்ப ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போறேன். சீட்டு இல்லாதப்ப நீங்க ஓட்டுங்க."

"சீட்டு இல்லாட்டியும் உன்னைக் கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

"நான் வெளிய இருப்பேனே?"

"போன் எதுக்கும்மா இருக்கு?"