சிகாத்தாவின் ஒப்பாரி

நைல் பேராறு கரும்புக் கழனிகளை இருமருங்கும் தழுவியவாறு வடக்கே நகர, மேலைக்குன்றுகள் முற்பகல் வெயிலில் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடக்க, ஆலைப் புகையோடு வெல்லப்பாகின் மணமும் இறங்கி வீடுதோறும் நுழைய, சான்றோரே, அத்தகைய இனிய வேளையொன்றில் எங்கள் ஊரில் நடந்த இழிசெயலைக் கேளுங்கள். சொல்லவே எனக்கு நாக்கூசுகிறது.

எவ்வீட்டில் இழவு விழுந்தாலும் ஒப்பாரி சொல்ல வதீதாவையே அழைப்பார்கள். இறந்தவனின் வாழ்வை அந்நொடியிலேயே சொற்கோத்து, அவனுக்கென்று ஒரே ஒருமுறை பாடுவாள். ஒருவனுக்கு இருமுறை ஒப்பாரி கட்டினால் அவ்வீடு இன்னொரு பிணம் கேட்கும் என்பதும், ஒப்பாரியின்றிப் போகிறவன் நாதியற்றவனாய்ப் போகிறான் என்பதும் எங்கள் நம்பிக்கை. அவளுக்கிருந்த ஒரே உறவு, தோணி விடும் தம்பி சிகாத்தா.

நாட்டார் வழக்காற்றுக் காப்பகத்தின் தலைவரான ரஃபத், அழியவிருக்கும் செல்வத்தைக் காக்க வந்தவராம், பதிவுக்கருவியோடு அவள் வாயிலில் வந்து நின்றார்.

"சும்மா நாலு வரி பாடுங்கம்மா."

"யாரு செத்தா?"

"யாரும் சாகலை. பதிவுக்குத்தான்."

"அப்போ நீங்களே படுத்துக்குங்க ஐயா, பாடுறேன்!"

அடுப்படிப் பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முகம் கறுத்துத் திரும்பிப்போனவர் மறுவாரம் தம் ஊர்தி ஓட்டுநரை ஏவினார். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவளிடம் அவன் ஓடிவந்து, "தோணி கவுந்துடுச்சு, உன் தம்பி போயிட்டான்!" என்று அலறினான். அவள் உடையைக் கிழித்து, ஆற்றுச்சேற்றை முகத்தில் அப்பி, தம்பியின் முதல் நடையிலிருந்து அவன் கடைசித் துடுப்புவரை பாடித் தீர்த்தாள். அடுத்த வீட்டுச் சன்னலுக்குப் பின்னால் கருவி சுழன்றுகொண்டிருந்தது.

ஈரக்காலோடு உள்ளே வந்த சிகாத்தா திகைத்தான். "அக்கா, யாருக்கு அழுறே?"

அதற்குள் சன்னலருகே எழுந்து நின்ற ரஃபத், "அருமை! ஒரு சொல்கூடத் தப்பலை!" என்று கைதட்டினார். ஒலிநாடாவின் உறைமேல் 'உண்மைத் துயரில் பதிந்தது' என்றும் எழுதிக்கொண்டார். படித்த மனிதர்!

அடுத்த குளிர்காலத்தில் சிகாத்தா மெய்யாகவே காய்ச்சலில் போனான். பெண்கள் கூடினார்கள். வதீதா முக்காட்டுத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். அவனுக்குரிய பாட்டை அவள் முன்பே பாடிவிட்டாளே! வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஐயாவோட பெட்டிக்குள்ள இருக்கிற பாட்டு அவனோடது. வாங்கிட்டு வாங்க அண்ணே."

காப்பகத்துக்கு ஓடினேன். ரஃபத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை.

"ஆய்வாளர்களுக்கு மட்டுந்தான் கொடுப்போம். மனு எழுதிக் கொடுங்க, அனுமதி வர ஒரு மாசம் ஆகும்."

"பிணம் வீட்டுல கிடக்குதுய்யா!"

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

வெறுங்கையோடு திரும்பினேன். வதீதா என் கைகளைப் பார்த்தாள், முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வெயில் தாழுமுன் பாடையைத் தூக்கினோம். செருப்பொலி தவிர வேறொலி எழவில்லை. ஊரார் அனைவர்க்கும் அழுத அக்காளின் உடன்பிறந்தவன் நாதியற்றவனாய் மண்ணுக்குள் போனான். அவனுடைய ஒப்பாரியோ குளிரூட்டிய அறையில், தூசு படியாமல், பூச்சி அரிக்காமல், இன்றுவரை நலமாக இருக்கிறது. த்தூ!