கழுவாத ஃபிலிம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் மேல் நின்று, கீழே இரும்புச் சுருள்களோடு நின்ற சரக்கு ரயிலைத் தாவீது டிஜிட்டல் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் காலனியில் குடியிருக்கும் கோபால் படியேறி வந்தார். அவர் வருவதை அவன் பார்க்கவில்லை, காதால் கேட்டான். நாலு படிக்கு ஒரு இருமல். மேலே வந்து சேர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னவோ ரயிலை வேடிக்கை பார்க்கத்தான் வந்தவர் மாதிரி, பேச்சு வரும்வரை முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தார். பிறகுதான் திரும்பினார்.

“என்னிய பெட்டில ஒண்ணு எடுத்துடு தாவீது.”

தாவீது டிஜிட்டலை அணைத்துவிட்டு, இன்னொரு தோளில் தொங்கிய பழைய கேமராவை அனிச்சையாக முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான்.

அதற்குத்தான் பெட்டி என்று பெயர். கல்யாணத்துக்கு முன்பு மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய யாஷிகா. மேலே ஒரு கண், கீழே ஒரு கண், உச்சியில் ஒரு மூடி. மூடியைத் திறந்து தலையைக் குனிந்து பார்த்தால், உள்ளே இருக்கும் தேய்த்த கண்ணாடியில் எதிரே உள்ளதெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். வாரம் முழுக்க சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக ஒயர்களோடு மல்லுக்கட்டுகிற தாவீது, ஞாயிறு வந்தால் பெட்டியை ஒரு தோளிலும், போன வருஷம் பர்மா பஜாரில் வாங்கிய டிஜிட்டலை இன்னொரு தோளிலும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் நிழலில் தூங்குகிற டிரைவர்கள், காக்களூர் எஸ்டேட்டில் ஞாயிறானால் பூட்டிக் கிடக்கும் ஷட்டர்கள், திருவள்ளூர் தேரடியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்கள் என்று எதையாவது எடுத்துக்கொண்டு திரிவான். பத்து பைசாவுக்குப் பிரயோஜனமில்லாத படங்கள் என்பாள் அவன் மனைவி ஜெனிபர். அவள் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அவனுக்குத் திங்கட்கிழமை விடியாது.

பெட்டிக்குக் கெட்ட பெயர் ஃப்ளெக்ஸ் பேனரால் வந்தது. முதலில் இட்லிக்கடை கங்கம்மா. அடுப்புப் புகைக்கு நடுவே அவள் சிரித்ததைப் பெட்டியில் பிடித்து, பெரிதாகப் போட்டுக் கொடுத்திருந்தான். அடுத்த மாதமே அவள் போய்விட, அந்தச் சிரிப்பு ஆளுயர ஃப்ளெக்ஸில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே தெருமுனையில் நின்றது. பிறகு ஜெனிபரின் சித்தப்பா பையன் ஜெரால்ட். எளாவூரில் லாரி அடித்துப் போனவன். அவனுக்கும் தாவீது எடுத்த படம்தான். அதற்குப் பிறகு விக்டோரியா டீச்சர். மூன்றும் பெட்டியில் எடுத்தவை. அந்தக் காலனியில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், அவர்கள் வாயில் பெட்டி என்றால் கல்லறைக்குப் போகிற பெட்டியும்தான். யாரோ விளையாட்டாக “பெட்டில புட்சிட்டான்னா பெட்டிலதான் போவணும்” என்று சொல்லப்போக, அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. டிஜிட்டலோடு வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்து நிற்பார்கள், எடுத்த கையோடு காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பெட்டி மூடியைத் திறந்தால் எல்லோருக்கும் வீட்டில் வேலை வந்துவிடும்.

இதெல்லாம் கோபாலுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

“இன்னாண்ணா, காலைலயே பேஜார் பண்ற. டிஜிட்டல்ல எடுக்கறேன், இப்பவே பாத்துக்கலாம்.”

“பாக்கணும்னா ஊட்ல கண்ணாடி கீதுப்பா.” கோபால் கம்பியில் ஒட்டியிருந்த துருவை நகத்தால் சுரண்டினார். வார்ப்படக் கம்பெனியில் மணலும் உலையுமாக இருபது வருஷம் கிடந்த விரல்கள். “மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில எக்ஸ்ரேவ வெளிச்சத்துல மாட்டிக் காட்னாங்க. நுரையீரல்ல மண்ணு தங்கிடுச்சாம். ஒண்ணும் பண்றதுக்கு இல்லன்னுட்டாங்க. முத்தம்மா கிட்ட தூசி அலர்ஜின்னு சொல்லிக்கீறேன். நீ வாய் தொறக்காத.”

கீழே ரயில் ஒரு குலுக்கு குலுக்கி நகர்ந்தது.

“எங்கிட்ட இருக்கறது ரேஷன் கார்டு போட்டோ ஒண்ணு. அத ஃப்ளெக்ஸ்ல போட்டானுங்கன்னு வையி, திருடன் மூஞ்சிதான். ஜெரால்டு பையன் எப்டி நின்னான் பாத்தியா. ராசா கணக்கா. அந்த மாரி ஒண்ணு.”

சரி என்றுதான் தாவீது சொன்னான். வேறு எதைச் சொல்வது?

அடுத்த ஞாயிறு ஆரம்பாக்கம் பக்கம், வயல்வெளி தாண்டி ஒரு வரப்போரத்துக்குப் போவதாகப் பேச்சு. காலனிக்குள் எடுத்தால் அரை மணி நேரத்தில் கோபால் மனைவி முத்தம்மா காதுக்குப் போய்விடும். அன்று காலை தாவீது அலமாரியில் இருந்து ஃபிலிம் ரோலை எடுத்தான், திரும்ப வைத்தான். மறுபடி எடுத்தான். ஊர் சொல்வதை அவன் நம்புகிறவன் இல்லை. பெட்டியால் யாரும் சாவதில்லை, லாரியால் சாகிறார்கள், வயசாகிச் சாகிறார்கள், மண்ணைச் சுவாசித்துச் சாகிறார்கள். இவ்வளவும் தெரிந்த ஆள்தான், ரோலை அலமாரியிலேயே வைத்துவிட்டு வெறும் பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஃபிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டிக்கு ஒரே சத்தம்தான். கோபாலுக்கு மனசு நிறையும், தன் கையாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று கணக்குப் போட்டான்.

கோபால் பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்தார். திருவள்ளூரில் கூட வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல, முத்தம்மாவே இஸ்திரி போட்டுக் கொடுத்தாளாம். வண்டியில் வரும்போது மடிப்புக் கலையக்கூடாது என்று முதுகை நிமிர்த்தியே உட்கார்ந்து வந்தார்.

வரப்பில் நிறுத்தி, மூடியைத் திறந்து, தாவீது தலையைக் குனிந்தான். கண்ணாடியில் பச்சை வயலும் வெள்ளைச் சட்டையும். கோபால் வலப்பக்கம் ஒரு எட்டு வைக்க, கண்ணாடியில் இடப்பக்கம் போனார். முதலில் விறைத்துக்கொண்டுதான் நின்றார். பிறகு எங்கோ ஒரு கொக்கு எழும்பியதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருமல் வரப்போவது தெரிந்து மூச்சை அடக்கிக்கொண்டு, நேராகப் பெட்டியின் கண்ணைப் பார்த்தார். அந்த நேரத்தில் முகத்தில் பயம் இல்லை, பாசாங்கு இல்லை. நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷன், இதுதான் நான் என்று நின்றார். இத்தனை வருஷம் ஊர் ஊராகத் திரிந்து அப்படி ஒரு முகத்தைத் தாவீது பெட்டிக்குள் பார்த்ததில்லை. விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. டிக்.

அப்போதுதான் அவனுக்குச் சுரீரென்றது. உள்ளே எதுவும் விழவில்லை. பெற்ற தாய்க்குச் சோறு போடாதவன் மாதிரி கூசிப்போய் நின்றான்.

“வுழுந்துச்சா?” என்றார் கோபால், அடக்கி வைத்ததை எல்லாம் இருமித் தீர்த்த பிறகு.

“வுழுந்துச்சிண்ணா.”

“இன்னொண்ணு எடுக்கணுமா?”

அதுதான் சமயம். ரோலை மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் கோபால் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். புல் ஒட்டுமே என்ற கவலைகூட அவருக்கு அப்போது இல்லை. தாவீது மூடியைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் தாவீதுக்கு நரகம். டீக்கடையில், ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில், சர்ச் வாசலில், எங்கே பார்த்தாலும் கோபால் விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டுவார். வந்துவிட்டதா என்று அர்த்தம். “மெட்ராசுக்குக் குட்த்து அனுப்பிக்கீறேண்ணா, ஃபிலிம கழுவி படமா வரணும்” என்பான் தாவீது. “மெதுவா வரட்டும், நான் எங்க ஓடிடப் போறேன்” என்று சிரிப்பார் அவர். முன்னைவிட நன்றாகத்தான் சிரித்தார், கிண்டல்கூடப் பண்ணினார். ஆனால் கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கழுத்து எலும்பு மேலே வந்துகொண்டிருந்தது. வரப்பில் பார்த்த முகம் இனி இல்லை. இன்னொரு தடவை ஃபிலிம் போட்டு எடுத்தாலும் இந்த முகம்தான் விழும். நினைக்க நினைக்க அவன் மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், ஜெனிபர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது முத்தம்மா வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், பிறகு அதைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தாள்.

“கல்யாணத்துக்குப் போய்க்கினு வந்த மனுசன் வாயில வெத்தலச் செவப்பு இல்ல,” என்றாள். “பேண்ட்டு ஃபுல்லா புல்லு ஒட்டிகினு கீது. இன்னாய்யா கல்யாணம்னு கேட்டா சாப்பாடு நல்லா இருந்துச்சின்றாரு. ஆரம்பாக்கத்துல உங்க ரெண்டு பேரையும் பாத்தவங்க நேத்துதான் சொன்னாங்க.”

தாவீது தலையைக் குனிந்துகொண்டான்.

“தூசின்னாரு எங்கிட்ட. தூசிக்கு இன்னாத்துக்குப் பெட்டி?”

முத்தம்மாவின் குரல் தாழ்ந்தது.

“கழுவிட்டியா?”

“இல்ல அண்ணி.”

“கழுவாத. அத எங்கையில குடுத்துடு. கழுவலன்னா அவரு இன்னும் அதுல வரலதான?”

“அண்ணி, அதுல ஃபிலிமே போடல. வெறும் பெட்டி. சத்தியமா.”

முத்தம்மா அவனை உற்றுப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. சின்னப் பிள்ளை பொய் சொல்லும்போது பார்க்கிற பார்வை. “எனக்கோசரம் பொய் சொல்லாத தாவீது. ஃபிலிம் இல்லாம எவனாவது வரப்புல நிக்க வெச்சி எடுப்பானா? குடு. உன் கால்ல வேணாலும் வுழறேன்.”

நிஜமாகவே அவள் குனியப் போனாள். பதறிப்போய் அலமாரியைத் துழாவினான் தாவீது. எடுத்து முடித்து ஒட்டி வைத்திருந்த ஒரு ரோல் கையில் வந்தது. எளாவூர் லாரி டிரைவர்கள், காக்களூர் ஷட்டர்கள், தேரடி மழை, அந்த ரெண்டு மாதச் சுற்றல் எல்லாம் அதில்தான் இருந்தது. அதை அவள் கையில் வைத்தான்.

வாசலுக்குப் போய், நல்ல வெயிலில் நின்று, ஒட்டியிருந்த காகிதப் பட்டையைக் கிழித்து அவள் பிரித்தாள். முதலில் ஃபிலிமைச் சுற்றியிருந்த காகிதம் சுருள் சுருளாக வந்தது. பிறகு ஃபிலிம். பால் கலந்த ஊதா நிறத்தில், ஒரு கோடும் இல்லாமல், மொழுமொழுவென்று. அதை இரண்டு கையாலும் சூரியனுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினாள்.

“இதுல எங்க அவரு?”

“கழுவாம தெரியாது அண்ணி. இப்ப வெயில் பட்டுடுச்சில்ல. போயிடுச்சி.”

“போயிட்டாரா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஃபிலிமோடு சேர்த்துக் கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். பிறகு தரையில் விட மனசில்லாமல், ஃபிலிமை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து மெல்லச் சுருட்டி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இனிமே அவரா வந்து கேட்டாலும் எடுக்காத.”

“சரிங்க அண்ணி.”

அவள் போன பிறகு தாவீது உள்ளே வந்து பெட்டியை எடுத்தான். பிரிக்காத புது ரோல் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதையும் எடுத்தான். ஒரு கையில் அது, ஒரு கையில் இது. இவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அவருக்குச் சொன்ன பொய் ஒரு பக்கம். வாசலுக்கு வந்து, பெட்டியைத் திண்டில் வைத்து மூடியைத் திறந்து குனிந்தான்.

தெருக்கோடி டீக்கடை பெஞ்சில் கோபால் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, காலர் மட்டும் கழுத்தை விட்டு விலகி நின்றது. முத்தம்மா கிட்டே போனதும் நகர்ந்து இடம் விட்டார். அவளும் ஒரு கையால் இடுப்பு முடிச்சைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வேறு பக்கம் பார்க்கிற நேரமாகப் பார்த்து, கோபால் தாவீதை நோக்கிக் கையைத் தூக்கி விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டார். கண்ணாடியில் இடம் வலமாகி, வலம் இடமாகி வந்தபோதும் அது சதுரமாகவே இருந்தது.