துணிக்கொடியில் எழும்பிய மாடி

எகிப்தின் தாந்தா நகரில் என் வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி எழும்பிய கதையை நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். மாடி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என் தம்பி மகன் ஹெல்மி, தனக்கு நிச்சயமான நக்லாவிடம் வீடு கட்டுகிறேன், கட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. “பெருநாளுக்குள்ள முடியணும். இல்லேன்னா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம்” என்றார் நக்லாவின் அப்பா.

மறுநாளே நக்லா துணிக்கூடையோடு என் அறைக்கு வந்தாள். கட்டட ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மருத்துவர் கைவிட்டுவிட்டதால் நான் பால்கனியோரக் கட்டிலில் சாகக் கிடந்தேன்.

“பெரியப்பா, உங்க துணிக்கொடி வேணும்.”

“எடுத்துக்கோ. எனக்கு இனிமே ஒரே ஒரு வெள்ளைத் துணிதான். அதைத் துவைச்சுக் காயப்போடற வேலை இல்ல.”

கொடியை எதிர்வீட்டு பால்கனிவரை இழுத்துக் கட்டி, அதன் கடைசி முனையில் தன் கல்யாண முக்காட்டை மாட்டினாள். அதுதான் பெருநாள். அங்கிருந்து நாட்களை எண்ணிப் பின்னோக்கி வந்தாள். ஒரு கிளிப்புக்கு ஒரு நாள். தெருவில் நின்ற வேலைக்காரர்களிடம் ஒரே கேள்விதான்: “உங்களுக்கு முன்னாடி யார் முடிக்கணும்?”

“பூச்சு காயணும்” என்றார் பெயிண்டர்.

“இந்த பிளம்பர் முதல்ல குழாயைப் பதிச்சுத் தொலைக்கணும். நான் பூசினப்புறம் உடைக்கறதே இவனுக்குப் பொழப்பு” என்றார் பூச்சுக்காரர்.

“உன் பூச்சு நான் தொடாமலே உதிருதே, அண்ணே!” என்றார் பிளம்பர்.

பெயிண்டரின் சட்டை, பூச்சுக்காரரின் தொப்பி, பிளம்பரின் கால்சட்டை என்று கொடி நிறைந்தது. சுவர் எழும்பும்போதே பட்டறையில் சன்னல் செய்யலாம் என்று தச்சரின் மேலங்கி பக்கத்துக் கொடிக்குப் போனது. தளம் இறுகும் நாட்களுக்குக் காலுறைகள். தளத்தோடு அவற்றையும் தினமும் நனைக்க வேண்டும் என்றாள். முடிந்த வேலையின் துணி இறங்கிவிடும். அவனவன் முறை எப்போது என்று தெருவிலிருந்தே தெரியும். அலுவலகச் சுவரில் ஒட்டும் எந்த அட்டவணையும் இப்படிக் காற்றில் ஆடி நான் பார்த்ததில்லை.

முக்காட்டுக்கு முன்னால் மூன்று கிளிப்புகளில் ஒரு கறுப்புச் சால்வையை மாட்டினாள்.

“இது யாரோட வேலை?”

“உங்களோடது, பெரியப்பா. துக்க வீட்டுல மூணு நாள் கலவை மெஷின் ஓட்ட முடியாதே. நீங்க எப்பப் போனாலும் இது தாங்கும்.”

என் பிள்ளைகள்கூட என் சாவுக்கு இவ்வளவு மரியாதையாக இடம் ஒதுக்கியதில்லை.

தளம் போடும் அன்று வழக்கப்படி ஆடு வந்தது. அறுக்கும்வரை என் பால்கனியில் கட்டினார்கள். அது பிளம்பரின் கால்சட்டையைத் தின்றுவிட்டது. விருந்தில் எனக்கு வந்த குடல் குழம்பில் ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்தது. கடினமான மிளகு என்று நினைத்து விழுங்கினேன்.

கொடியில் தன் துணியைக் காணாத பிளம்பர், வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். அவர் முறை வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தேடிப்பிடித்து, புதுக் கால்சட்டை வாங்கிக் கொடுத்து, அழைத்து வர மூன்று நாளாயிற்று.

நக்லா சால்வையைக் கழற்றிக் கூடையில் போட்டாள்.

“பெரியப்பா, உங்க மூணு நாளும் பிளம்பருக்குச் செலவாயிடுச்சு. பெருநாள் வரைக்கும் உங்களுக்கு இடமில்ல.”

“மருத்துவர் வேற சொன்னாரேம்மா?”

“மருத்துவர் என்னைக் கேட்டாரா?”

மறுநாள் மத்தியானம் உயிரெடுப்பவர் வந்து பால்கனியில் நின்றார். நான் கொடியைக் காட்டினேன். முனையிலிருந்து முனைவரை பார்த்தார். தொழில் தெரிந்தவர். தலையாட்டிவிட்டுப் போனார்.

பெருநாளுக்கு முந்தின மாலை கொடியில் முக்காடு மட்டும் ஆடியது. நக்லாவின் அப்பா மாடியேறி ஒவ்வொரு குழாயையும் திறந்தார், ஒவ்வொரு சன்னலையும் சாத்தினார். பிறகு புதுத் தரையில் உட்கார்ந்து, “தேநீர் கிடைக்குமா?” என்றார். நக்லா முக்காட்டைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது என் பேரனுக்காக அடுத்த மாடிக்குக் கொடி கட்டுகிறாள்.

“எனக்கு இடம் விட்டிருக்கியா, பொண்ணே?”

“இந்தத் தடவை கொடியே நெருக்கமா இருக்கு, பெரியப்பா.”